கட்டுமான ஆலோசகர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான சங்கப் பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கூட்ட நடவடிக்கைகள் பதிவேட்டில் இருக்கின்றன. எந்தக் கூட்டத்துக்கு யார் தலைமை, யார் பொன்னாடை போர்த்தினார் என்பதற்குள் நான் போகவில்லை. நாகப்பட்டினம் வட்டாரத்தில் ஆலோசனையும் தர ஆய்வும் செய்கிற நமக்குத் தொழிலில் எது மாறியது, எது இன்னும் மாறவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

சென்ற பொதுக்குழுவில் எடுத்த முக்கிய முடிவு ஒன்றுதான். கான்கிரீட் போடும் நாளன்று போய் நிற்பதை ஆய்வு என்று கணக்கில் எடுப்பதில்லை. முந்தைய நாளே கம்பியையும் சென்ட்ரிங்கையும் பார்த்து, குறைகளை எழுத்தில் கொடுத்து, சரிசெய்த பிறகே கான்கிரீட்டுக்கு ஒப்புதல் தருவது. மிக்சரும் ஆளும் வந்து இறங்கிய பிறகு கம்பியை அவிழ்க்கச் சொன்னால் எந்த மேஸ்திரியும் அவிழ்க்கமாட்டார், வீட்டுக்காரரும் நல்ல நேரம் போய்விடும் என்பார். இந்த முடிவைப் பெரும்பாலோர் கடைப்பிடிக்கிறீர்கள். சிலர் இன்னும் காலை ஆறு மணிக்கு வாட்ஸ்அப்பில் வரும் படத்தைப் பார்த்தே சரி என்கிறீர்கள். படத்தில் கம்பியின் எண்ணிக்கை தெரியும், கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம், தெரியாது.

தண்ணீரும் கவரும்

நம் ஊரில் கட்டடம் கெடுவது பெரும்பாலும் பாரம் தாங்காமல் அல்ல, கம்பி துருப்பிடித்துத்தான். நாகூர், வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கம் பதினைந்து இருபது ஆண்டு வீடுகளில் சன்ஷேடின் அடிப்பக்கம் பெயர்ந்து விழுவதை எல்லோரும் பார்க்கிறோம். பூசி மறைப்பதும் மறுபடி பெயர்வதும் வாடிக்கையாகிவிட்டது. ஆகவே இந்த ஆண்டுப் பயிற்சி வகுப்புகளில் அதிக நேரம் இதற்கே போனது.

கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநூலான ஐ.எஸ். 456 கலவைத் தண்ணீருக்கு வைத்திருக்கும் வரம்பு கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் குளோரைடு (கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் உப்புக்கூறு), கம்பி உள்ள கான்கிரீட்டுக்கு 500. பி.எச். 6-க்குக் குறையக்கூடாது. கடற்கரையோர போர் தண்ணீரில் 500 என்பது எளிதில் தாண்டிப்போகும் எண். உறுப்பினர்கள் பலரிடம் தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்தப் பொருளைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் இருக்கிறது. அது குளோரைடைத் தனியாகக் காட்டாது, ஆனால் முதல் சல்லடைக்கு உதவும். கரைந்திருப்பது முழுவதும் சாதாரண உப்பே என்று வைத்துக்கொண்டாலும் அதில் குளோரைடு ஏறத்தாழ 60 சதவீதம்தான். எனவே டி.டி.எஸ். 800-க்குக் கீழே இருந்தால் குளோரைடு பொதுவாக 500-ஐத் தாண்டாது. அதற்கு மேல் காட்டினால் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். டிசம்பர் மழையில் எடுத்த மாதிரியை வைத்து மே மாதம் ரூஃப் போடாதீர்கள். கோடையில் அதே போர் உவர்ந்துவிடும். கலவைக்கு லாரித் தண்ணீர் வாங்கிவிட்டு, கியூரிங்குக்குப் பக்கத்து உப்பு போரைத் திறந்துவிடும் பழக்கமும் ஒழியவேண்டும். தினமும் காய்ந்து நனையும் மேற்பரப்பில் உப்பு சேர்ந்துகொண்டே போய்க் கம்பியை நோக்கி இறங்கும்.

அடுத்தது கவர். கடற்கரைச் சூழலில் திறந்திருக்கும் கான்கிரீட்டை ஐ.எஸ். 456 'கடுமை' வகையில் வைக்கிறது: கான்கிரீட்டின் வலிமைத் தரம் குறைந்தது எம்30, தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.45-க்குள், சிமென்ட் கன மீட்டருக்கு 320 கிலோவுக்குக் குறையாமல், கவர் 45 மி.மீ. உப்புக் காற்று நேரடியாகப் படாமல் மறைவாக உள்ள பகுதிக்கு 30 மி.மீ. நம்மிடம் வரும் வரைபடங்களில் இன்னும் 'எம்20, கவர் 20' என்றே அச்சாகி வருகிறது. உள்நாட்டு ஊர் ஒன்றின் வரைபடத்தை எடுத்துப் பெயரை மாற்றியது போல.

இங்கே ஓர் எச்சரிக்கை. வரைபடத்தில் 20 என்று போட்டுவிட்டு சைட்டில் 45 மி.மீ. கவர் பிளாக் (கம்பியைச் சென்ட்ரிங்கிலிருந்து விலக்கிப் பிடிக்கும் சிறு கட்டை) வைக்கச் சொல்வது இன்னும் மோசம். தளத்தின் கனம் அப்படியே இருக்க, கம்பி உள்ளே நகர்ந்தால் தாங்கும் திறன் குறையும். கவரைக் கூட்டினால் கனத்தையும் கூட்டி மறுபடி கணக்குப் போடவேண்டும். இது வடிவமைப்பாளரின் மேசையில் முடியவேண்டிய வேலை, மேஸ்திரியிடம் போகக்கூடாது.

கவர் பிளாக் என்ற பெயரில் ஜல்லித் துண்டும் டைல்ஸ் துண்டும் வைப்பது குறைந்திருக்கிறது, நல்லது. ஆனால் சைட்டில் மிச்சக் கலவையில் வார்த்த பிளாக் பல இடங்களில் கையால் நசுக்கினாலே உடைகிறது. பிளாக்கின் வலிமை தளக் கான்கிரீட்டுக்குக் குறையக்கூடாது. குறைந்தால் உப்பு நுழைய அதுவே வழி.

முந்தைய நாள் ஆய்வுத் தாள்

சங்கம் அச்சிட்டுக் கொடுத்த ஒரு பக்கத் தாள் பயன்பாட்டில் இருக்கிறது. அதில் அதிகம் விடுபடுகிற இடங்களைச் சொல்கிறேன்.

கம்பியின் எடையை யாரும் எடுப்பதில்லை. விட்டத்தை மி.மீ.யில் வர்க்கப்படுத்தி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு இத்தனை கிலோ என்று வரும், 8 மி.மீ.க்கு 0.395, 12 மி.மீ.க்கு 0.888. ஒரு மீட்டர் துண்டை வெட்டி மின்னணுத் தராசில் வைத்தால் போதும். கம்பிக்கான தரநூல் ஐ.எஸ். 1786-இன்படி தனித் துண்டு 8 மி.மீ.யில் 8 சதவீதமும் 12 மி.மீ.யில் 6 சதவீதமும் வரை குறையலாம். அதாவது முறையே 363 கிராம், 835 கிராம். அதற்குக் கீழே வந்தால் லாரியோடு திருப்பி அனுப்புங்கள்.

பில்லர் ரிங்குகளின் கொக்கி 135 டிகிரி மடங்கி, முனை கான்கிரீட்டின் உட்புறம் 65 மி.மீ.யாவது நீளவேண்டும். 90 டிகிரியில் மடக்கிவிட்டால் பில்லர் அதிரும்போது கவர் பெயர்ந்து, ரிங் திறந்துகொள்ளும். பீமும் பில்லரும் சேரும் இடத்தில் ரிங்கே இல்லாமல் விடுவது இன்னும் பரவலாக இருக்கிறது, கை நுழையாது என்பதுதான் காரணம். பீம் கம்பியை இறக்குவதற்கு முன்பே அந்த ரிங்குகளைப் பில்லரில் கோத்துவைத்தால் சிக்கலில்லை. பார் பெண்டருக்கு அதை முதல் நாளே சொல்லவேண்டும்.

பால்கனி, சன்ஷேடில் முதன்மைக் கம்பி மேலே இருக்கவேண்டும். கட்டும்போது மேலேதான் இருக்கிறது. கான்கிரீட் சுமப்பவர்கள் மிதித்து மிதித்துக் கீழே போய்விடுகிறது. 150 மி.மீ. தளம், கவர் 45, கம்பி 10 மி.மீ. என்றால் பயனுறு ஆழம், அதாவது தளத்தின் அடியிலிருந்து கம்பியின் நடு வரை, 100 மி.மீ. கம்பி 30 மி.மீ. இறங்கினால் 70. தாங்குதிறனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிதிபட்டே போனது. மேல் கம்பியைத் தாங்கும் நாற்காலிக் கம்பியை நெருக்கமாக வையுங்கள், நடக்கப் பலகை போடச் சொல்லுங்கள். இவ்வகைத் தளத்தில் முட்டுகளைப் பிரிக்கும்போது வெளி முனையிலிருந்து உள்நோக்கி வரவேண்டும்.

முட்டுகள் பற்றி: புதிதாக நிரப்பிய களிமண் மேல் சவுக்கு முட்டை நேரடியாக நிறுத்தினால், கான்கிரீட் ஏறிய இரவே ஒரு மழைக்கு மண் இறங்கும். அடியில் அகலப் பலகை கட்டாயம். பிரிக்கும் கால அளவு ஐ.எஸ். 456-இல் தெளிவாக இருக்கிறது. 4.5 மீட்டர் வரையுள்ள தளத்துக்கு முட்டு 7 நாள், அதற்கு மேல் 14. பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21. அந்த நாட்கள் சாதாரண சிமென்ட்டுக்கும் சரியான கியூரிங்குக்கும் சொன்னவை. கடையில் கிடைப்பது பெரும்பாலும் மெதுவாக வலிமை பெறும் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட் என்பதால் நாம் கூட்டித்தான் சொல்லவேண்டும்.

கியூப் அச்சுத் திட்டம்

கான்கிரீட்டின் வலிமையைச் சோதிக்கும் கியூப் என்ற கனசதுரக் கட்டிகளை வார்க்க, சங்கத்தின் 150 மி.மீ. அச்சுகளை உறுப்பினர்களுக்கு இரவல் தரும் திட்டம் தொடர்கிறது. எண்ணெய் தடவாமல், சிமென்ட் ஒட்டிய நிலையில் திருப்பித் தருவதை நிறுத்தவேண்டும். விளிம்பு சதுரம் போய்விட்ட அச்சில் வார்த்த கியூப் நசுக்கிச் சோதிக்கும் பிரஸ்ஸில் ஒரு பக்கமாக நசுங்கி, நல்ல கான்கிரீட்டுக்கும் கெட்ட பெயர் வாங்கித் தரும்.

எத்தனை மாதிரி என்ற கேள்வி எப்போதும் வருகிறது. 12 சதுர (1,200 சதுர அடி) வீட்டின் ரூஃபை எடுத்துக்கொள்வோம். 5 அங்குலத் தளமும் பீமும் சேர்த்து ஏறத்தாழ 18 கன மீட்டர். ஐ.எஸ். 456-இன்படி 16 முதல் 30 கன மீட்டருக்கு 3 மாதிரி, மாதிரிக்கு 3 கியூப்; 28 நாள் சோதனைக்கு மட்டும் 9. முதல் பேட்சில் மூன்றையும் வார்த்துவிட்டு வீட்டுக்குப் போவது மாதிரி எடுத்தல் ஆகாது. காலை, நண்பகல், முடிவு என்று பிரியுங்கள். தண்ணீர் கூடுவது நண்பகலுக்குப் பிறகுதான். ரெடிமிக்ஸ் லாரியிலும் அதே கதை. 6 கன மீட்டர் லாரியில் பைப் அடைக்கிறது என்று 100 லிட்டர் தண்ணீர் விட்டால், கன மீட்டருக்கு 350 கிலோ சிமென்ட் உள்ள கலவையில் விகிதம் 0.45-இலிருந்து 0.50-க்குப் போய்விடும். இளக்கம் வேண்டுமென்றால் அட்மிக்ஸ்சர் என்ற இளக்கும் ரசாயனம், தண்ணீர் இல்லை.

கியூப்பைப் பிரஸ்ஸில் வைக்கும் முன் எடை போடுங்கள். 8.1 கிலோவை ஒட்டி வரவேண்டும். 7.8-க்குக் கீழே என்றால் கலவையைச் சந்தேகிக்கும் முன் குத்தியது சரியா என்று பாருங்கள். 5 சதவீத வெற்றிடம் வலிமையில் ஏறத்தாழ 30 சதவீதத்தைத் தின்றுவிடும். மூன்று கியூப்பில் ஏதேனும் ஒன்று சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகினால் அந்த மாதிரியே செல்லாது. மூன்றும் தசம புள்ளி வரை ஒட்டி வருகிற அறிக்கையையும் நான் நம்பமாட்டேன்.

கியூப் தோற்றதும், தட்டி மீளும் அளவை வைத்து வலிமையைக் கணிக்கும் ரீபவுண்ட் சுத்தியலை எடுத்துக்கொண்டு ஓடுகிறோம். சுத்தியல் மேற்பரப்பைத்தான் பேசும். அதிலிருந்து சொல்லும் வலிமையில் 25 சதவீதம் இப்படியும் அப்படியும் போகலாம். எந்த இடம் பலவீனம் என்று ஒப்பிட அதுவும் அல்ட்ராசானிக் ஒலிச் சோதனையும் உதவும். வழக்கைத் தீர்ப்பது கோர், அதாவது கட்டடத்திலிருந்தே துளைத்தெடுக்கும் உருளைத் துண்டுதான். குறைந்தது மூன்று கோர். அவற்றுக்கு இணையான கியூப் வலிமையின் சராசரி, அந்த வயதுக்குரிய கியூப் வலிமையில் 85 சதவீதத்துக்கும், தனித்தனியே எதுவும் 75 சதவீதத்துக்கும் குறையக்கூடாது. கோர் எடுக்குமுன் கம்பி எங்கே ஓடுகிறது என்று ஸ்கேன் செய்யாமல் துளைத்தால் சோதனையே சேதமாகிவிடும்.

களிமண்ணில் பைல்

கீழ்வேளூர், திருக்குவளைப் பக்க வயல்மனைகளில் குமிழ்ப் பைல், அதாவது துளையைக் குமிழ்போல் ஓரிடத்தில் அகலமாக வெட்டி வார்க்கும் அஸ்திவாரத் தூண், போடுவது கூடிவிட்டது. 300 மி.மீ. பைலுக்குக் குமிழ் 750 மி.மீ., அதாவது இரண்டரை மடங்கு. குமிழ் விழுந்ததா என்று பூமிக்குள் யார் பார்ப்பது? கான்கிரீட்டின் அளவைப் பாருங்கள். 4 மீட்டர் பைலின் தண்டுக்கு 0.28 கன மீட்டர். ஒரு குமிழ் சரியாக வெட்டப்பட்டிருந்தால் இன்னும் 0.07, ஏறத்தாழ அரை மூட்டைக் கலவை, கூடுதலாக இறங்கும். தண்டு அளவோடு நின்றுவிட்டால் குமிழ் இல்லை, அல்லது ஓரம் சரிந்து மண் நிறைந்திருக்கிறது. துளையில் தண்ணீர் நின்றால், கான்கிரீட்டை அடிவரை கொண்டுபோகும் டிரெமி குழாய் இல்லாமல் ஊற்றக்கூடாது. பைல்களின் மேல் வரும் பிளிந்த் பீமுக்கு அடியில் 80 மி.மீ. வெற்றிடம் விடுவதும் மறந்துபோகிறது. மண் ஈரத்தில் விரிந்தால் பீமைத்தான் தூக்கும்.

புகார்களும் கட்டணமும்

பார்க்காத தளத்துக்குச் சான்றுக் கையெழுத்துப் போட்டதாக வந்த புகாரை ஒழுங்குக் குழு விசாரித்து முடித்துவிட்டது. விவரம் செயற்குழுப் பதிவில் மட்டும் இருக்கும். 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்ததை இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. 2019-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், பதிவுபெற வேண்டிய தொழில்முறையாளர் பட்டியலில் தரத் தணிக்கையாளரையும் சேர்த்திருக்கின்றன. அந்தப் பெயரில் பதிவு செய்பவர் கட்டணத்தை ஒப்பந்தக்காரரிடம் வாங்குவது முறையல்ல. உரிமையாளரிடமே வாங்குங்கள், கட்டங்கட்டமாக வாங்குங்கள்: அஸ்திவாரம், பிளிந்த், ஒவ்வொரு தளம். மொத்தமாகக் கடைசியில் என்று விட்டால் ரூஃபுக்குப் பிறகு போனை எடுக்கமாட்டார்கள்.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரநூல்களை இப்போது அதன் இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நூலக அலமாரியில் உள்ள கான்கிரீட் சோதனைக்கும் மாதிரி எடுத்தலுக்குமான பழைய ஐ.எஸ். 516, 1199 பிரதிகளைப் பார்த்து அறிக்கை எழுதவேண்டாம்; இரண்டும் பல பகுதிகளாகத் திருத்தி வெளிவந்துவிட்டன.

பொதுக்குழுவின் முடிவுக்கு மூன்று பொருள்கள்: சங்கச் செலவில் ஒரு கவர் மீட்டர் வாங்குவது, பார் பெண்டர்களுக்கும் மேஸ்திரிகளுக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியைக் கூலி இழப்பீட்டோடு நடத்துவது, தண்ணீர்ச் சோதனை முடிவு இணைக்காத ஆய்வறிக்கைக்குச் சங்க முத்திரை தருவதில்லை என்று விதியில் சேர்ப்பது. கடைசிப் பொருளுக்குச் செயற்குழுவில் மாற்றுக் கருத்து இருந்தது என்பதையும் பதிவு செய்கிறேன்.

அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்