பறிக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்: சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வடக்கு சுமத்ராவின் கரோ மேட்டுநிலத்துக்குத் தமிழ்ப் பயணிகளைக் கூட்டி வரும் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கும், அவர்களோடு கேமராவும் கையுமாக வரும் காணொளி நண்பர்களுக்கும்,

வணக்கம். இந்த ஊர் முறைப்படி, மெஜுவா-ஜுவா.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை நடந்தது உங்களுக்குத் தெரியும். பேருந்து உங்களுடையது. நாற்பது பேர் இறங்கினார்கள், இரண்டு மணி நேரம் சுற்றினார்கள், ஏறிப் போனார்கள். அடுத்த வாரமே 'இந்தோனேசிய மலைக்குள் ஒரு சோழர் கிராமம்!' என்று காணொளி வந்துவிட்டது. பார்த்தேன். என் சித்தப்பா பையன் கும்பகோணத்திலிருந்து அனுப்பி, "அண்ணே, இது அண்ணி ஊரா?" என்று கேட்டான். ஆமாம், அண்ணி ஊர்தான்.

ஊர்ப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் வருகிற சனிக்கிழமை இரண்டு பேருந்து வரும். கபஞ்சாஹே நகரைத் தாண்டி, திகாபானா பக்கம் எங்கோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றைம்பது வீடு இருக்கும். ஒரு தேவாலயம். கல்யாணமோ சாவோ எல்லாம் நடக்கிற, சுவரில்லாத பெரிய கொட்டகை ஒன்று, ஜம்பூர் என்பார்கள். இரண்டு காப்பிக் கடை. அங்கே ஆண்கள் காலையிலிருந்து சதுரங்கம் ஆடுவார்கள். பெண்கள் அந்நேரத்துக்கு ஜுமாவில் இருப்பார்கள். ஜுமா என்றால் புன்செய்க் காடு. மிளகாய், முட்டைக்கோஸ், சோளம், இஞ்சி, இப்போது காப்பி, அப்புறம் ஆரஞ்சு. இங்கே உள்ளவர்களுக்கு வேறு தொழில் கிடையாது.

நான் மேடான் நகரில் வேலை பார்க்கிறேன். இந்த ஊர் மருமகன். வெளியாள் என்பதால் கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு ஒரு மெர்கா, அதாவது குலப்பெயர், கொடுத்துத்தான் பெண் கொடுத்தார்கள். ஆகவே இன்றைக்கு நான் ஒரு தாரிகான். பெண் எடுத்தவர்களுக்கு இங்கே அனாக் பெரு என்று பெயர். பெண் கொடுத்த வீட்டு விசேஷத்தில் பரிமாறுவதும் பாத்திரம் கழுவுவதும் அவர்கள் வேலை. பன்னிரண்டு வருடமாகக் கழுவிக்கொண்டிருக்கிறேன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். இந்த ஊருக்குள் வரும் முன் கேளுங்கள். யார் நிலத்திலும் கால் வைக்கும் முன், எந்தப் பழத்திலும் கை வைக்கும் முன் கேளுங்கள்.

ஆரஞ்சு விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மற்றதை விட்டுவிடலாம், இதை விட முடியாது.

கரோ ஆரஞ்சு பேர்போன பழம். மேடான் சந்தையில் இதற்குத் தனி மதிப்பு இருந்தது. பல வருடமாக அதைப் பழ ஈ அரித்துக்கொண்டிருக்கிறது. வீட்டு ஈயைவிடச் சற்றே பெரிது, பார்க்கக் குளவி மாதிரி இருக்கும். பெண் ஈ பழத்தின் தோலில் ஊசி குத்தினாற்போல் ஒரு துளை போட்டு உள்ளே முட்டை வைக்கும். வெளியே ஒன்றும் தெரியாது, உற்றுப் பார்த்தால் ஒரு சின்னப் புள்ளி. சில நாளில் உள்ளே புழு. பழம் பழுக்கும் முன்பே மஞ்சளித்துக் கீழே விழும். விழுந்த பழத்திலிருந்து புழு வெளியே வந்து மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். சில வாரத்தில் புது ஈயாகப் பறக்கும்.

இதற்கு என் மாமியார் வீட்டில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? நீங்கள் படம் பிடித்தீர்களே, மரந்தோறும் தொங்குகிற பழைய தண்ணீர் பாட்டில்கள்; 'கண் திருஷ்டிக்குக் கட்டியிருக்கிறார்கள், நம் ஊர் போலவே' என்று உங்கள் காணொளியில் ஒருவர் சொல்கிறார். ஐயா, அது ஈப் பொறி. உள்ளே மருந்து தொட்ட பஞ்சு இருக்கிறது, கிராம்பு வாசனை அடிக்கும். அந்த வாசனைக்கு ஆண் ஈ மட்டும்தான் வரும். முட்டை வைக்கிற பெண் ஈ வராது. ஆக, பொறி பாதி வேலைதான். மீதி வேலை கையால் செய்வது: தினமும் காலையில் விழுந்த பழத்தை ஒன்றுவிடாமல் பொறுக்கிச் சாக்கில் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஆழக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். ஒரு வீடு பொறுக்காமல் விட்டால் சுற்றியுள்ள பத்துத் தோட்டத்துக்கும் போகும். இந்த வேலை தாங்காமல் எத்தனையோ பேர் மரத்தை வெட்டிவிட்டுக் காப்பி வைத்துவிட்டார்கள். என் மாமியாருக்கு மனசு வரவில்லை. அறுபத்தெட்டு வயதில், முதுகு நிமிராமல், இன்னும் பொறுக்குகிறார்.

அந்தச் சனிக்கிழமை உங்கள் ஆட்கள் அந்தத் தோட்டத்துக்குள் போனார்கள். "நம்ம சொந்தக்காரங்க தோட்டம்தானே" என்று ஒருவர் சொன்னது என் காதிலேயே விழுந்தது. பறித்தார்கள். பறித்ததற்காகக்கூட நான் இவ்வளவு எழுத மாட்டேன். உரித்துப் பார்த்துவிட்டு, உள்ளே புழு நெளிந்ததும், "ஐயே" என்று தூக்கி எறிந்தார்கள். வாய்க்காலில், வரப்பில், பக்கத்துக் காப்பிச் செடிக்குள். ஒரு பையன் கிரிக்கெட் பந்து மாதிரி வீசினான். இருபது முப்பது பழம் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு ஈப்பண்ணை.

நான் தோட்டத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் பேருந்து கிளம்பிவிட்டது. மாமியார் சாக்கை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு செடியாக விலக்கித் தேடிக்கொண்டிருந்தார். நானும் சேர்ந்து தேடினேன். எங்களுக்குள் பேச்சு கிடையாது. கோபமில்லை, முறை அப்படி. மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசக் கூடாது, அதற்கு ரெபு என்று பெயர். இடையில் ஒரு ஆள் வேண்டும். ஆள் இல்லாவிட்டால் சுவரிடமோ பானையிடமோ சொல்வதுபோல் சொல்லலாம். அன்றைக்கு ஆள் யாரும் இல்லை. கடைசிப் பழத்தைப் போட்டு வாயைக் கட்டியபின் அவர் சாக்கைப் பார்த்துச் சொன்னார்: "சாக்கே, கேலாவிடம் சொல். அவன் ஊர்க்காரர்கள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், எந்த மரத்துப் பழம் நல்ல பழம் என்று நானே பறித்துக் கொடுத்திருப்பேன்."

கேலா என்றால் மருமகன். எனக்கு அது 'கேளா' என்று கேட்டது. வெட்கமாக இருந்தது.

சாக்கு என்னிடம் சொன்னதை நான் உங்களிடம் சொல்லிவிட்டேன். கேளுங்கள். அவ்வளவுதான்.

எழுத உட்கார்ந்தபோது இத்தோடு நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தக் காணொளியை இரண்டாம் முறை பார்த்துத் தொலைத்தேன்.

காப்பிக் கடையில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த என் மாமனாரைப் பிடித்து "பேர் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் மரியாதையாகத் தன் குலத்தையும் சேர்த்துச் சொன்னார்: செம்பிரிங் பாண்டியா. உடனே திரையில் தீப்பிழம்பு எழுத்தில் 'பாண்டிய மன்னர் வாரிசு!' தலைப்பிலோ சோழர் கிராமம். பாண்டியரைச் சோழர் ஊரில் குடிவைத்துக் காப்பியும் வாங்கிக் கொடுத்த பெருமை உங்களையே சேரும்.

சரி, எனக்கும் ஆசை இல்லாமலில்லை. கரோ மக்களின் ஐந்து பெருங்குலங்களில் செம்பிரிங் ஒன்று. அதன் உட்பிரிவுகளில் சோலியா, பாண்டியா, பெலாவி, பிராமானா, மெலியாலா என்றெல்லாம் பெயர்கள் உண்டு. முதன்முதலில் கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. அறிஞர்கள் நூறு வருடத்துக்கு மேலாக இதைப் பற்றி எழுதிவருகிறார்கள். சுமத்ராவின் மேற்குக் கரையில் பாரூஸ் அருகே லோபு துவாவில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டே கிடைத்திருக்கிறது. வெட்டியவர்கள் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர். அதில் வெற்றி முழக்கம் எதுவும் இல்லை; மரக்கலத்தோடு வருகிறவர்கள் கட்ட வேண்டிய பொன்னைப் பற்றிப் பேசுகிறது. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் வந்த தமிழன் கட்டணம் கட்டிவிட்டுத்தான் சரக்கில் கை வைத்தான் என்று நான் அதை வாசித்துக்கொள்கிறேன்.

இவ்வளவு இருந்தும், இங்குள்ளவர் யார் என்று இங்குள்ளவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. அவர்கள் கரோ. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் போகிறவர்கள். முன்பின் தெரியாதவர் சந்தித்தால் முதல் வேலை, உன் மெர்கா என்ன, உன் அம்மா எந்தக் குலம் என்று கேட்டு, நீ எனக்கு அண்ணனா, மாமனா, மருமகனா என்று முறை கண்டுபிடிப்பது. எர்தூத்தூர் என்பார்கள். அது முடிந்தபிறகுதான் பேச்சே. நீங்கள் அதைத் தலைகீழாகச் செய்தீர்கள்: முறையை நீங்களே முடிவுசெய்துகொண்டு வந்து இறங்கினீர்கள். கிழவரை "வணக்கம் சொல்லுங்க, வணக்கம் சொல்லுங்க" என்று மூன்று தடவை சொல்ல வைத்துவிட்டு, 'இன்றும் தமிழ் பேசுகிறார்' என்று போட்டீர்கள். அவர் 'மாமா' என்றதற்கு ஒரு புல்லாங்குழல் இசை. மேற்கு சுமத்ராவின் மினாங்கபாவு மக்களிடமும் தாய்மாமனுக்கு மாமக் என்றுதான் பெயர். அங்கேயும் ஒரு பேருந்து அனுப்புவீர்களோ? நம் 'கடை' இங்கே கெடாய் என்று தெருவுக்குத் தெரு பலகையில் நிற்கிறது; அதன் கீழே உட்கார்ந்துதான் காப்பி குடித்தீர்கள், அதை யாரும் கவனிக்கவில்லை.

அன்று பக்கத்து வீட்டில் பன்றி சுட்டுக்கொண்டிருந்தார்கள். உங்களில் சிலர் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்த வாசலைக் கடந்தீர்கள். சோழர் வாரிசு வேண்டும், அவர் அடுப்பு வேண்டாம். ராஜராஜன் எங்கள் ஆள் என்று நம் ஊரில் சுவரொட்டி ஒட்டுகிற சங்கங்களே வரிசையில் நிற்கின்றன, அந்தப் போட்டியில் இந்த மிளகாய்க் காட்டுக்காரர்களை ஏன் இழுக்கிறீர்கள்?

அப்புறம் சினாபுங். 'கம்பீர எரிமலை' என்று வர்ணனை. பல நூறு வருடம் தூங்கிய மலை 2010 ஆகஸ்டில் கண் திறந்தது. 2014 பிப்ரவரியில் சுகமேரியா என்ற ஊரில் பாய்ந்த வெப்ப மேகத்தில் பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள்; எரிமலையைப் பார்க்கப் போன மாணவர்களும் அதில் உண்டு. 2016 மே மாதம் காம்பேர் என்ற ஊரில் 7 பேர். அவர்கள் காட்டு வேலையில் இருந்தவர்கள். பெக்கெரா, சிமாசெம், சுகமேரியா மூன்று ஊரையும் அப்படியே பெயர்த்துச் சியோசார் என்ற இடத்தில் வைத்தார்கள். எங்கள் பக்கம் சாம்பல்தான் வந்தது. மிளகாய் இலையெல்லாம் சிமெண்டு பூசினாற்போல் ஆகிவிடும். வெயில் ஏறுவதற்குள் செடி செடியாகக் கழுவ வேண்டும். என் மனைவியின் தங்கை அந்த மலைக்கு முதுகு காட்டித்தான் புகைப்படத்துக்கு நிற்பாள். நீங்கள் அவளைத் திருப்பி நிறுத்தினீர்கள்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன். மன்னிக்கவும். வராதீர்கள் என்று சொல்ல இந்த மடலை எழுதவில்லை. இங்கிருந்து யாரும் அப்படிச் சொல்லவில்லை, விருந்தாளியை அனுப்புகிற பழக்கம் இவர்களுக்கு இல்லை. கேட்டுவிட்டு வாருங்கள் என்கிறேன். வருவதற்கு இரண்டு நாள் முன்னால் ஊர்த் தலைவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். ஜம்பூரில் பாய் விரிப்பார்கள். சிம்பா செய்து வைக்கச் சொல்லுங்கள். தேங்காயும் வெல்லமும் வைத்து இலையில் அவிக்கிற பண்டம், உங்கள் ஆட்களுக்குப் பூரணக் கொழுக்கட்டை நினைவுக்கு வரும். காசு கொடுங்கள். தோட்டத்துக்குள் போக வேண்டுமானால் யாருடையது என்று கேட்டு, அவர்களோடு போங்கள். எறிந்த பழம் எல்லாம் எங்கே விழுந்தது என்று நினைவிருந்தால் அதையும் சொல்லுங்கள், பாதியைத்தான் நாங்கள் கண்டுபிடித்தோம்.

அந்தக் காணொளியின் தலைப்பையும், முடிந்தால், தயவுசெய்து மாற்றுங்கள். 'கரோ விவசாயிகளின் ஊர்' என்று வைத்தால் பார்வை குறையும், தெரியும். திருஷ்டி பாட்டில் என்று சொன்ன இடத்தையாவது வெட்டிவிடுங்கள்.

அடுத்த அறுவடைக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. அப்போது வந்தால், என் மாமியாரிடமே கேளுங்கள்: எந்த மரம், கிலோ என்ன விலை என்று. உங்களிடம் நேரே பேச அவருக்குத் தடை எதுவும் இல்லை. எனக்குத்தான்.

இப்படிக்கு,
ஒரு கேலா