ராத்தாவுக்கு (அக்காவுக்கு): சேர்க்கை முடிஞ்சது

ராத்தா, அஸ்ஸலாமு அலைக்கும்.

மகளை ஊரிலேயே, நம்ம காயல்பட்டினம் வாவு வஜீஹா பெண்கள் கல்லூரியில் சேர்த்தாச்சு. கட்டணமும் கட்டியாச்சு. நீங்க படிச்ச மெட்ராஸ் எஸ்.ஐ.இ.டி. பெண்கள் கல்லூரிக்குத்தான் அனுப்பணும்னு நீங்க பிடிவாதமா நின்னது தெரியும். வீட்டுப் பேச்சு எதையும் இங்கே எழுத மாட்டேன், ஊரே படிக்கும்.

உங்க கல்லூரியை நான் குறைச்சுப் பேசலை. ஆண்பிள்ளைகளுக்கு மெட்ராஸில் நியூ காலேஜ் 1951இலேயே வந்துட்டுது. பெண்களுக்கு உங்க கல்லூரியை நீதிபதி பஷீர் அகமது சயீத் 1955இல் தேனாம்பேட்டையில் தொடங்கினார். எல்லா மதத்துப் பிள்ளைகளும் படிச்சாங்க. ஆனா நமக்கு அது ஒரு ராத்திரி ரயில் தூரம். பாளையங்கோட்டை சாரா டக்கர் பெண்கள் கல்லூரி உங்க கல்லூரிக்கு அரை நூற்றாண்டுக்கும் மேல முந்தியது. அதுக்கும் நம்ம தெருவிலிருந்து போனவங்க எத்தனை பேர்? பஸ்ஸும் ஹாஸ்டலும்தான் குறுக்கே நின்னுது.

உங்க ஹாஸ்டல் படிவம் ஞாபகம் இருக்கா? பார்க்க வர்றவங்க பட்டியலில் ஆளுக்கொரு போட்டோ ஒட்டணும். வாப்பா தன் படத்தை ஒட்டினாங்க, காக்கா (அண்ணன்) படத்தை ஒட்டினாங்க. உம்மாவுக்குப் போட்டோவே கிடையாது. பசை விரலோட கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துட்டு, "அவ எங்க மெட்ராசுக்கு வரப்போறா"ன்னு கோடு கிழிச்சுட்டாங்க. நீங்க சிரிச்சீங்க. உம்மா அடுப்படிக்குப் போயிட்டாங்க. மூணு வருஷமும் உம்மா உங்க கல்லூரி வாசலைப் பார்க்கலை. அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஆறலை.

நம்ம ஊரில் நிக்காஹ்வுக்கு அப்புறமும் பொண்ணு உம்மா வீட்டில்தான், மாப்பிள்ளைதான் வந்து தங்குறார். அதனால கல்லூரி கிட்டே இருந்தா நடுவில் கல்யாணம் வந்தாலும் படிப்பு அறாது. கீழக்கரையிலும் இதே வழக்கம். அங்கே தாசிம் பீவி பெண்கள் கல்லூரி 1988இல் வந்துட்டுது. நமக்கு வாவு வஜீஹா 2006இல்தான்.

குறை இல்லைன்னு சொல்லலை. உங்களுது அரசு உதவி பெறும் கல்லூரி, வாத்தியார் சம்பளம் அரசாங்கம் கொடுத்தது. இங்கே சுயநிதி. சுயநிதிக் கல்லூரியில் சம்பளம் பெரும்பாலும் பிள்ளைகள் கட்டுற கட்டணத்திலிருந்துதான் வரணும். நெட், செட்னு கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வுகளில் தேறினவங்க அரசு வேலை கிடைச்சதும் கிளம்பிடுவாங்க, பருவத்தின் நடுவில் பாடம் தொங்கும். வருகைப் பதிவு இன்னொரு வம்பு. விருந்து, மறுவீடுன்னு ரெண்டு வாரம் போனா 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கும். தண்டக் கட்டணம் கட்டித்தான் தேர்வு எழுதணும்; ரொம்ப இறங்கினா அதுவும் நடக்காது. கல்யாணப் பேச்சு வந்தா தேதியை ஏப்ரல் தேர்வுக்குப் பின்னால, மே மாசத்தில் வைக்கணும். இது எல்லா உம்மாக்களுக்கும் சொல்றேன்.

உங்க ஆசையை உடைச்சுட்டேன், மாப்பு செய்யுங்க. ஆனா நீங்க போன பிறகு உம்மா தனியாயிட்டாங்கன்னுதானே என்னை வீட்டில் வச்சாங்க? அப்போ பக்கத்தில் கல்லூரி ஏது?

முதுகலைக்கு வேணும்னா அவ மெட்ராசுக்கு வரட்டும், உங்க வீட்டில் தங்கட்டும். கோபம் இருந்தா இதுக்குக் கீழே எழுதாதீங்க. அஸர் (மாலைத்) தொழுகைக்கு அப்புறம் போன் போடுங்க, உம்மாவும் பக்கத்தில் இருப்பாங்க.