இரண்டே மை, இருபத்தைந்து நிறம்

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. இதழ் மறுபடி வரப்போகிறது என்பதே பெரிய சந்தோஷம். அட்டைக்கு எந்த நிறமும் மனசில் நிற்கவில்லை என்று எழுதியிருந்தாய். கம்ப்யூட்டரில் கோடிக்கணக்கான நிறம் விரிந்து கிடந்தால் எதைத் தொடுவதென்றே தெரியாது. ரிசோ என்கிற அச்சு மெஷினில் இரண்டே மை வைத்து அடித்துப் பார். பிங்க் ஃப்ளோரசென்ட்டும் நீலமும் போதும். பள்ளிகளுக்கு வினாத்தாள் அடிக்கிறார்களே, அதே மெஷின்தான். கறுப்பு டிரம் (மை உருளை) மட்டும் வைத்திருப்பவர்கள்தான் அதிகம், அதனால் கலர் டிரம் உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்.

அட்டையை வரைய உட்காரும் முன் ஒரு சார்ட் அடி. இரண்டரை சென்டிமீட்டர் கட்டங்கள், ஆறுக்கு ஆறு. பிங்க் இடமிருந்து வலமாக 0, 20, 40, 60, 80, 100 சதவீதம். நீலம் அதே அளவில் மேலிருந்து கீழாக. ஒவ்வொரு மைக்கும் தனித்தனி கிரேஸ்கேல் (கறுப்பு-வெள்ளை) ஃபைல் கொடு. மெஷினுக்கு நிறம் தெரியாது, கறுப்பின் அடர்த்தி மட்டும்தான் தெரியும். வெளிர் அளவுகள் சின்னச் சின்னப் புள்ளிகளாகத்தான் அச்சாகும்; அந்தப் புள்ளி வரிசையின் கோணம் ஒரு மைக்கு 45, மற்றதற்கு 75 டிகிரி. இரண்டும் நெருங்கிய கோணத்தில் இருந்தால் அலை அலையாகக் கோலம் விழுந்துவிடும்.

வெளிர் மையான பிங்க் முதலில். ஓர் இரவு காயவிட்டு மறுநாள் நீலம். அவசரப்பட்டால் ஈர மை ரோலரில் ஒட்டி அடுத்த தாளில் தடம் பதிக்கும். இந்த மை தாளுக்குள் ஊறித்தான் நிற்கும், ஆகவே பளபளப்பான ஆர்ட் பேப்பர் ஆகாது, கையில் ஈஷிக்கொள்ளும். 100 ஜி.எஸ்.எம். கனத்தில் மேப்லித்தோ என்கிற பளபளப்பில்லாத தாளை எடு. முழுத் தாளையும் 100 சதவீத மையால் நிரப்பாதே, தாள் டிரம்மைச் சுற்றிக்கொள்ளும்.

அச்சான சார்ட்டில் 25 கட்டங்கள் கலவை நிறம். வெள்ளை அட்டையில் ஒரு கட்டத்தின் அளவுக்குத் துளை வெட்டி ஒவ்வொன்றின் மேலும் வைத்துப் பார். பிங்க் 40, நீலம் 60 தனியே பார்த்தால் கத்தரிப்பூ நிறம். துளை போட்ட அட்டையை எடுத்ததும், பக்கத்துக் கட்டத்தின் அடர் பிங்க் அதை நீலமாக்கிக் காட்டும். யேல் பல்கலைக்கழகத்தில் ஓவிய ஆசிரியர் ஜோசப் ஆல்பர்ஸ் பெயிண்டை விட்டுக் கலர் காகிதத்தை வைத்துப் பாடம் நடத்தியது இதற்காகத்தான். காகிதத்தின் நிறம் மாறாது. மாறியதாகத் தெரிந்தால் அது பக்கத்து நிறம் செய்த வேலை. எனக்கு யோசனைகள் பிறப்பதெல்லாம் இந்த இடத்தில்தான். எந்த இரண்டு கட்டம் ஒன்றையொன்று உசுப்புகிறதோ அதிலிருந்து அட்டையைத் தொடங்கு.

ரெஜிஸ்ட்ரேஷன், அதாவது ஒரு மையின் மேல் மற்றது பொருந்தி விழும் இடம், ஒரு மில்லிமீட்டராவது நகரும். நீல எழுத்துக்கு அடியில் பிங்க்கை வெட்டி எடுக்காதே, அதன் மேலேயே நீலத்தை அடி. வெள்ளை இடுக்கு தெரியாது. தலைப்பை ஒரே மையில் வை. நம் எழுத்தின் சுழியும் கொம்பும் இரண்டு மையில் அடித்தால் இரட்டையாகத் தெரியும். வெயில் படும் கடை வாசலில் தொங்கப்போகிற இதழென்றால் பிங்க்கை நம்பாதே, வெளுத்துவிடும்.

சார்ட் அடித்ததும் இரண்டு தாள் எனக்கும் அனுப்பு. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
செல்வம்