நடை பழகும் பிள்ளைக்கு எந்தச் சப்பாத்து?

ஆசிரியர் அவர்கட்கு,

திருநாள் நெருங்கினால் திருகோணமலைக் கடைகளில் “வளருற பிள்ளைதானே” என்று இரண்டு அளவு பெரிய சப்பாத்தை வாங்கிக் கொடுப்பதைக் காண்கிறோம். இது தவறு. குதிக்கால் வழுகும், அதைப் பிடித்து வைக்கப் பிள்ளை விரல்களை மடக்கி நடக்கும், தடக்கி விழும்.

பின்னேரத்தில் பிள்ளையை ஒரு மட்டையில் நிற்க வைத்து இரு பாதங்களையும் பென்சிலால் சுற்றி வரையுங்கள். இருந்தபடி அளந்தால் பாதம் விரியாது, அளவு குறையும். பெரிய பாதத்தின் நீளத்தோடு 1 சென்ரிமீற்றர் கூட்டி, அந்த நீளத்துக்கு ஒரு மட்டைக் கீற்று வெட்டிக் கடைக்குக் கொண்டுபோங்கள். சப்பாத்துக்குள் அது மடங்காமல் படுக்க வேண்டும். இலக்கத்தை நம்பாதீர்கள், கம்பனிக்குக் கம்பனி மாறும்.

அடிப்பாகம் விரல்கள் மடங்கும் இடத்தில் கையால் இலகுவாக வளைய வேண்டும். நடுவில் வளைவது கூடாது. முன்பக்கம் அகலமாக இருக்கட்டும். கட்டுவதற்கு ஒட்டுப்பட்டி (வெல்க்ரோ) போதும். மின்னும் விளக்கும் கீச்சொலியும் விலையைத்தான் கூட்டும். அண்ணன், அக்கா போட்டுத் தேய்ந்தது வேண்டாம், அது அவர்களின் பாதத்துக்கு வளைந்திருக்கும்.

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் அளந்து பாருங்கள். பாதம் கெதியாக வளரும், ஆகையால் விலை கூடிய சோடி தேவையே இல்லை. வீட்டுக்குள் வெறுங்காலே நல்லது. உப்புவெளி, நிலாவெளிச் சுடுமணலுக்கும் முள்ளுக்கும்தான் சப்பாத்து.

வாசகர்,
உவர்மலை, திருகோணமலை