நார்மல் என்று எழுதிவிடாதே

அன்பு மருமகளே,

நவம்பரில் நீ பயிற்சி மருத்துவராக எங்கள் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்கு வருகிறாய், அதுவும் முதியோர் பிரிவுக்கு என்று அண்ணன் சொன்னதும் அதிகம் மகிழ்ந்தவர் உன் மாமாதான். அவருக்கு நீ வைத்தியம் பார்க்கப் போவதில்லை. ஆனால் அவரைப் போன்ற ஒருவர் என்றைக்காவது உன் வார்டுக்கு வருவார். அவருக்காகவே எழுதுகிறேன்.

மாமாவுக்கு அரிவாள் செல் நோய் என்று காரைக்காலில் முதன்முதலாகச் சொன்னபோது உன் பாட்டி, "எந்தக் கையில் வெட்டு?" என்று பதறினார். மாப்பிள்ளை கரும்பு விளையும் ஊர்க்காரர் அல்லவா! இங்கே இதைத் திரெப்பனோசித்தோஸ் என்பார்கள். அந்தக் கிரேக்கச் சொல்லுக்குள்ளும் அரிவாள்தான் இருக்கிறது. வெட்டு ஏதுமில்லை; ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து, சீக்கிரம் உடைந்து, ரத்த ஓட்டத்தை அடைத்து வலி தரும் பரம்பரை நோய் இது.

1994இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. மாமாவுக்கு இருக்கும் வகை நோயில் இறப்பு வயதின் நடுமதிப்பு ஆண்களுக்கு 42, பெண்களுக்கு 48 என்றது. அப்போது அவருக்கு 32. நான் பத்து விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்தேன். இப்போது அவருக்கு 63. ஹைட்ராக்ஸியூரியா என்ற மருந்து காப்பாற்றியது, நல்ல மருத்துவர்கள் காப்பாற்றினார்கள். ஆனால் இது குழந்தைகளின் நோய் என்றே வெகுகாலம் எல்லோரும் நினைத்திருந்ததால், இந்த நோயோடு கிழவனாகும் உடம்பை எப்படிப் பார்ப்பது என்று பலருக்குத் தெரியவில்லை. மற்ற முதியவர்களின் அளவுகோலை எடுத்து இவரையும் அளக்கிறார்கள்.

எங்கள் கதையையே கேள். இந்தத் தீவில் சர்க்கரை நோய் பிரான்சின் பெருநிலத்தைவிட மிக அதிகம். அதனால் மாமாவுக்கும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை (HbA1c) தவறாமல் நடந்தது. ஒவ்வொரு முறையும் அருமையான எண் வந்தது. அதே சமயம் இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுந்தார், தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார். அதைச் சொன்னால், அரிவாள் செல் சிறுநீரகத்தால் சிறுநீரைச் செறிவாக்க முடியாது, எல்லோருக்கும் இப்படித்தான் என்றார்கள். அது உண்மையும்கூட. கடைசியில் பக்கத்து வீட்டு அக்காவின் கருவியில் விரலைக் குத்திப் பார்த்தபோது 260 காட்டியது.

அந்தப் பரிசோதனை, சுமார் 120 நாள் உயிர்வாழும் சிவப்பணுவை நம்பிப் போடும் கணக்கு. மாமாவின் சிவப்பணுக்களோ இரண்டு மூன்று வாரங்களில் உடைந்துவிடுபவை. சர்க்கரை ஒட்டிக்கொள்ள அவற்றுக்கு நேரம் ஏது? நோயே நோயை மறைத்துவிட்டது. விரல் நுனிச் சர்க்கரையையோ, சிவப்பணுவை நம்பாத ஃப்ரக்டோசமின் பரிசோதனையையோ பார்த்திருக்க வேண்டும்.

சிறுநீரகத்தின் நிலையை அறிய ரத்தத்தில் பார்க்கும் கழிவான கிரியேட்டினினும் இப்படித்தான் ஏமாற்றும். இவர்களின் சிறுநீரகம் அதைக் கூடுதலாக வெளியேற்றுவதால், பழுது தொடங்கிய பிறகும் அந்த எண் நல்ல பிள்ளையாக நிற்கும். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போகிறதா என்று பார். ரத்த அழுத்தமும் அப்படியே: ஆயுள் முழுக்க மேல் அழுத்தம் 110 இருந்தவருக்கு 135 என்றால், வயதுக்கு அது சரி என்று விட்டுவிடாதே. ஹீமோகுளோபின் 7.8 என்று பார்த்துப் பதறி, 11 ஆகும் வரை ரத்தம் ஏற்றவும் வேண்டாம். 7.8தான் அவருடைய வழக்கம். மளமளவென்று ஏற்றினால் ரத்தம் கெட்டியாகிவிடும்.

வலியைப் பற்றிச் சொல்ல எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. மாமா கத்தமாட்டார். அறுபது வருடம் வலியோடு குடித்தனம் நடத்தியவர். பெட்டாங்க் ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே "பத்துக்கு எட்டு" என்பார். ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, வயதானால் மூட்டுத் தேயும் என்று இபுப்ரோஃபென் எழுதி அனுப்பினார்கள். பிறகு ஸ்கேன் எடுத்தபோதுதான் தெரிந்தது: தொடை எலும்பின் தலை ரத்த ஓட்டமின்றிச் செத்துக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு அந்த மாத்திரை சிறுநீரகத்துக்கும் ஆகாது. அரிவாள் செல் வலியோடு வருபவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் முதல் வலி மருந்து தர வேண்டும் என்கிறது அமெரிக்க ரத்தவியல் சங்கத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். அதில் வயது வரம்பு ஏதும் இல்லை.

முன்பெல்லாம் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பார். இங்கே தை மாதம் கொளுத்தும் கோடை. பத்து நாள் விரதத்தோடு வெயிலில் நடந்தால் உடம்பில் நீர் வற்றி வலி வந்துவிடும். இப்போது கோயில் வாசலில் நாற்காலி போட்டு, காவடி எடுப்பவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறார். அதற்கே அவரைச் சம்மதிக்க வைக்க எனக்கு நான்கு வருடம் ஆயிற்று.

அவருடைய வழக்கமான எண்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஹீமோகுளோபின், அழுத்தம், ஆக்சிஜன் அளவு, ரத்தம் ஏற்றிய தேதிகள், எந்த ரத்தம் ஒத்துக்கொள்ளாது என்பது வரை. மருத்துவமனைக்குப் போனால் முதலில் அதைத்தான் நீட்டுவேன். பலர் அதைத் திறப்பதில்லை. உன்னிடம் எந்த மனைவியாவது, மகளாவது இப்படி ஒரு நோட்டை நீட்டினால், ஆய்வக அறிக்கைக்கு முன் அதைப் படி. நோட்டு இல்லாதவருக்கு நீயே ஒன்று தொடங்கிக் கொடு.

வரும்போது பாரிஸ் லா ஷப்பேல் கடையில் வடகம் வாங்கி வருவதாக அண்ணன் சொன்னார். வேண்டாம், உப்பு அதிகம். வெந்தயம் மட்டும் வாங்கி வா.

அன்புடன்,
அத்தை
சேந்த் ஆந்த்ரே