நான் குனிந்து கோலம் போட வேண்டும், டாக்டர்

வயதானவர்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர்களுக்கு,

வணக்கம். எனக்கு 74 வயது. மயிலாடுதுறையில் இருக்கிறேன். அரசு மருத்துவமனைகளில் 33 வருஷம் மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் தெருவில் எல்லோருக்கும் இன்னமும் நான் கம்பவுண்டரம்மாதான். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நீங்கள் எழுதியனுப்பிய சீட்டுகளைப் படித்து, மாத்திரையை எண்ணிப் பொட்டலம் கட்டி, "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பிடறதுக்கு முன்னாடி" என்று எத்தனை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் போய் நின்ற பிறகு பார்த்ததைத்தான் எழுதுகிறேன். மதியத்துக்குள் இருநூறு சீட்டைப் பார்த்து முடிக்க வேண்டிய உங்கள் பாடும் எனக்குத் தெரியும். அதனால் இதைச் சண்டைக் கடிதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மார்கழியில் விழுந்தேன். வைகுண்ட ஏகாதசிக்குப் பட்டினி. மறுநாள் துவாதசி, விடியற்காலை நாலரைக்கு வாசல் தெளித்துப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். கை நடுங்கியது, உடம்பெல்லாம் வியர்வை. மார்கழிக் குளிரில் என்ன வியர்வை என்று நினைத்தது வரை ஞாபகம் இருக்கிறது. எதிர்வீட்டுப் பெண் ஓடிவந்து தூக்கினாள். அவள் மாமனாருடைய கருவியில் பார்த்தபோது சர்க்கரை 46தான், ஆபத்தான தாழ்வு. வாயில் வெல்லத்தைப் போட்டுத் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். உயிர் திரும்பியது, வலது மணிக்கட்டு உடைந்திருந்தது.

சர்க்கரைக்கு நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தது கிளிபென்கிளமைடு, காலையும் இரவும். பழைய ஆட்களுக்கு டயோனில் என்றால் உடனே தெரியும். உடம்பில் நெடுநேரம் நிற்கிற மருந்து. கல்லீரல் அதை உடைத்த பிறகும் உடைந்த துண்டுகளுக்கே சர்க்கரையை இறக்கும் குணம் உண்டு, அவற்றைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். எழுபது வயதுச் சிறுநீரகம் அதை மெதுவாகத்தான் செய்யும். சிறுநீரகம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க அளக்கும், சதையிலிருந்து வரும் கழிவான கிரியாட்டினின் நார்மல் என்று லேப் சீட்டு சொல்லும். என்னைப் போல ஒல்லியான கிழவிக்கு உடம்பில் சதையே இல்லாததால் அந்த எண் நார்மலாகத்தான் காட்டும், உள்ளே சிறுநீரகம் பாதி வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில், இந்த மாத்திரை 60 வயதுக்கு மேல் ஏற்றதல்ல என்று 2013லேயே குறிப்புப் போட்டுவிட்டார்கள். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் புதுப்பித்து வெளியிடும் பியர்ஸ் பட்டியலும் இதைத் தவிர்க்கத்தான் சொல்கிறது. எழுதிய டாக்டருக்கு இதெல்லாம் தெரியாமலா இருக்கும்? ஆனால் நான் அந்த மாத்திரையை 58 வயதில் ஆரம்பித்தேன். 71 ஆகிவிட்டதை யாரும் கவனிக்கவில்லை. சீட்டில் "ரிபீட்" என்று போட்டுப் போட்டே பதிமூன்று வருஷம் ஓடிவிட்டது.

விரதம் இருப்பீர்களா என்று அந்தப் பதிமூன்று வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை. நானாவது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. பட்டினி நாளில் சர்க்கரை மாத்திரை எடுக்காதீர்கள் என்று ஜன்னல் வழியாக ஊருக்கெல்லாம் சொன்னவள் நான். எனக்கென்று வரும்போது "எக்காரணம் கொண்டும் விடக்கூடாது" என்று டாக்டர் சொன்னதுதான் காதில் நின்றது. அதற்கு முந்தைய மாதம்தான் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c என்பார்கள்) 6.2 சதவீதம் வந்திருக்கிறது, சூப்பர் கண்ட்ரோல் என்று பாராட்டியிருந்தார். 2008ல் வெளியான அக்கார்ட் ஆய்வை நீங்கள் படித்திருப்பீர்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளில் ஒரு பாதிப் பேருக்கு அந்தச் சராசரியை 6க்குக் கீழே இறக்கப் பார்த்தார்கள். அந்தக் குழுவில் சாவு கூடியதால் அந்தச் சிகிச்சையை முன்கூட்டியே நிறுத்த வேண்டிவந்தது. நல்ல மார்க் வாங்கினேன் என்று வீட்டில் பெருமையடித்துக்கொண்ட அந்த 6.2தான் என்னைக் கீழே தள்ளியது.

கட்டுப் போட்ட கையோடு அந்த டாக்டரிடம் போனேன். பையன் கூட வந்தான். "இந்த மாத்திரை என் வயசுக்கு வேணுமா சார்?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பையனைப் பார்த்து, "அம்மா நெட்டெல்லாம் பார்க்கிறாங்களா?" என்றார். கோபம் இல்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்டார். பையனும் சிரித்துவிட்டான். மணிக்கட்டு வலியைவிட அந்தச் சிரிப்பு எனக்கு நெடுநாள் வலித்தது.

வயதானவர்கள் உள்ளே வந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் "பாட்டிக்கு என்ன பண்ணுது?" என்று கேட்கும் வழக்கம் உங்களில் பலருக்கு உண்டு. பாட்டிக்குக் காது கேட்கும். சரி, சில பாட்டிகளுக்குக் கேட்காது. கொஞ்சம் சத்தமாகப் பேசினால் போச்சு.

அந்தக் கோபத்தில் நான் செய்தது அசட்டுத்தனம். எல்லா மாத்திரையையும் நிறுத்தினேன், பிரஷர் மாத்திரை உட்பட. மூன்று வாரம் நன்றாகத்தான் இருந்தது, அல்லது அப்படி நினைத்துக்கொண்டேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பெண் பட்டையைக் கட்டிப் பார்த்துவிட்டு இன்னொரு முறை பார்த்தாள். மேல் அளவு 186. என்னம்மா, நீங்களே இப்படிப் பண்ணலாமா என்று கேட்டாள். பதில் இல்லை என்னிடம், மாத்திரைகளை மறுபடி ஆரம்பித்தேன். எண்பது தாண்டியவர்களுக்குக்கூடப் பிரஷர் மாத்திரை பலன் தரும் என்று 2008லேயே ஹைவெட் ஆய்வு காட்டியிருக்கிறது. அதில் அவர்கள் இலக்காக வைத்தது 150/80. மாத்திரை வேண்டும், ஆனால் 120க்கு இறக்கியே ஆகவேண்டும் என்று எண்பது வயதுக்காரரைப் பிடித்து நெருக்கத் தேவையில்லை என்று நான் புரிந்துகொண்டேன். என்னைப் போல நிறுத்திப் பார்க்கலாம் என்று இதைப் படிக்கும் வயதானவர் யாராவது நினைத்தால், தயவுசெய்து வேண்டாம். கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அப்புறம்தான் ஓர் அரசு மருத்துவமனையின் முதியோர் பிரிவுக்குப் போனேன். தமிழ்நாட்டில் இது புதிதல்ல. சென்னைப் பொது மருத்துவமனையில் 1978லேயே முதியோருக்கென்று தனி வெளிநோயாளர் பிரிவு ஆரம்பித்தார்கள். 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கையோடு முதியோருக்கென்றே ஒரு மருத்துவமனையும் வந்துவிட்டது. நான் போன இடத்தில் டாக்டர் ஒரு சின்னப் பெண், என் பேத்தி வயதுதான் இருக்கும், வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொன்னாள். மஞ்சப்பையைக் கவிழ்த்தேன். பதினோரு வகை, நாலு டாக்டர்கள் எழுதியது. இரண்டு அட்டைகளில் ஒரே மருந்து, கம்பெனிப் பெயர் மட்டும் வேறு. மருந்தாளுநர் வீட்டு லட்சணம் அது!

அவள் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, இது எதற்கு, யார் எழுதினது, எப்போதிலிருந்து என்று கேட்டாள். ஆஸ்பிரினைக் காட்டி, "மாரடைப்பு வந்திருக்கா, ஸ்டென்ட் வெச்சிருக்கா, பக்கவாதம்?" என்றாள். எதுவுமில்லை. வராமல் இருக்கட்டும் என்று யாரோ ஆரம்பித்தது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 முதியவர்களிடம் நடந்த ஆஸ்ப்ரீ ஆய்வு 2018ல் வெளியானது. அவர்களுக்கு முன்பு இதய நோய் வந்ததில்லை, பெரும்பாலும் எழுபது தாண்டியவர்கள். தினம் ஆஸ்பிரின் சாப்பிட்டதில் ஊனமில்லாமல் வாழும் நாட்கள் கூடவில்லை, ரத்தக்கசிவுதான் கூடியது. அடைப்பு வந்தவர்கள் விஷயம் வேறு, அவர்கள் அதை விடவே கூடாது. எனக்கு நிறுத்தினாள். கிளிபென்கிளமைடும் போனது. பிறகு பிரஷரை உட்கார வைத்துப் பார்த்தாள், எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிஷம் கழித்து மறுபடி பார்த்தாள். உட்கார்ந்தால் 124, நின்றால் 98. எழுந்ததும் கண் இருட்டுவது வயசாகிவிட்டதால் என்றே நினைத்திருந்தேன். நின்று பிரஷர் பார்த்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டாள். "காலையில எழுந்ததும் முதல்ல என்ன செய்வீங்க?"

கோலம் போடுவேன் என்றேன். முந்தைய டாக்டர் குனியவே கூடாது என்று சொன்னதையும் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கோலம் போடறதுக்குத் தகுந்த மாதிரி பிரஷர் மாத்திரையைக் குறைச்சுக்கலாம்" என்றாள். பதினொன்று ஐந்தானது.

இதை என் அண்ணன் கதையோடு சேர்த்துப் பாருங்கள். எண்பது வயது. பிரஷருக்கு அம்லோடிபின் எழுதினார்கள், கால் வீங்கியது. அது அந்த மாத்திரை செய்யும் வேலை. வீக்கத்துக்கு இன்னொருவர் நீர் மாத்திரை எழுதினார். நீர் அதிகம் போய்த் தலை சுற்றியது. தலைசுற்றலுக்குச் சின்னரிசின். அதை ஒரு வருஷம் சாப்பிட்டதில் கை நடுக்கம் வந்து, நடை சுருங்கி, பார்க்கின்சன் என்று நரம்பு டாக்டரிடம் போனார். அந்த டாக்டர் நல்லவர், பழைய சீட்டுகளைக் கேட்டு வாங்கிப் படித்தார். சின்னரிசினை நிறுத்திய சில மாதத்தில் நடுக்கம் அடங்கியது. அண்ணனுக்கு வந்ததெல்லாம் ஒரே கால் வீக்கத்தில் ஆரம்பித்தது. இப்படிப்பட்ட சீட்டுகள் என் ஜன்னலுக்கு எத்தனை வந்திருக்கும்! அம்லோடிபினும் நீர் மாத்திரையும் ஒன்றாக எழுதியிருப்பதைப் பார்த்து ஒரு தடவைகூட "ஏன்?" என்று நான் கேட்டதில்லை. டாக்டரைக் கேள்வி கேட்கும் வேலை எனக்கில்லை என்று இருந்துவிட்டேன். உங்களை இன்று கேட்பதற்கு எனக்குள்ள கூச்சம் அதனால்தான்.

2021 ஆகஸ்டிலிருந்து பிரஷர், சுகர் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. பெரிய காரியம், குறை சொல்லமாட்டேன். ஆனால் இந்த மாத்திரை இனி வேண்டாம் என்று சொல்லத் திட்டம் எதுவும் கிடையாது, அதற்கு நீங்கள்தான் வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை பையைக் கவிழ்க்கச் சொல்லுங்கள். புதிதாக ஒன்று எழுதினால் எத்தனை நாளைக்கு என்று பக்கத்தில் எழுதுங்கள்.

நாங்கள் கேட்பது அவமரியாதை இல்லை. சம்மதம் என்றால் சிகிச்சை என்ன, அதில் என்ன ஆபத்து, வேறு வழி என்ன என்று தெரிந்து கொடுக்கும் சம்மதம்தான் என்று உச்ச நீதிமன்றமே 2008ல் சொல்லியிருக்கிறது. கடைசிக் காலத்தில் எனக்கு எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்று 2018ல் அனுமதித்தார்கள், 2023ல் அதற்கான நடைமுறையையும் எளிதாக்கினார்கள். நான் நோட்டரி முன்னால் எழுதிவைத்துவிட்டேன். சாகிற பேச்சு எதுக்கும்மா என்று பையன் ஒரு வாரம் பேசவில்லை. இப்போது பேசுகிறான்.

நான் நன்றாக இருக்கிறேன். ஐந்து மணிக்குக் கோலம், அப்புறம் அரைச் சர்க்கரை போட்ட காபி, வெயில் ஏறுவதற்குள் துலாக் கட்டம் வரை நடை. காவிரியில் தண்ணீர் இருந்தால் படியில் உட்காருவேன், இல்லாவிட்டாலும் உட்காருவேன். சித்திரையில் ஒரு கீற்று மாம்பழம் உண்டு, அதை நீங்கள் வேண்டாம் என்றாலும் சாப்பிடுவேன், சொல்லிவிட்டேன். நூறு வயது வரை இருக்க வேண்டும் என்று ஆசையில்லை. விழாமல், புத்தி கலங்காமல், என் வாசலை நானே தெளிக்க முடிந்தால் போதும். உங்களிடம் வரும்போது நான் சரிசெய்யச் சொல்வது அந்த அளவுக்குத்தான்.

இந்த வருஷ ஏகாதசிக்கு முந்தின வாரம் உங்களில் ஒருவரிடம் வருவேன். விரதம் இருக்கலாமா என்று கேட்பேன். கூடாதென்றால் ஏன் என்று சொல்லுங்கள். பாலும் பழமும் சாப்பிட்டு இருக்கலாம் என்றால் அன்றைக்கு எந்த மாத்திரையை விடவேண்டும் என்று சீட்டிலேயே எழுதிவிடுங்கள். கையெழுத்து எப்படி இருந்தாலும் பரவாயில்லை, எனக்கு 33 வருஷப் பழக்கம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு கம்பவுண்டரம்மா,
மயிலாடுதுறை