உதவித்தொகை மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவில் கறுப்பின மாணவர்கள் பலர் பொறியியலைக் கைவிடுவதற்குத் திறமைக் குறைவைக் காரணம் சொல்வது அநியாயம். சறுக்கல் பெரும்பாலும் முதலாண்டு நுண்கணிதத்தில் நேர்கிறது. 1970களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த யூரி டிரைஸ்மன் கவனித்தார்: சீன வம்சாவளி மாணவர்கள் கூடிப் படித்து, ஒருவர் கணக்கை இன்னொருவர் சரிபார்த்தார்கள். கறுப்பின மாணவர்கள் கடுமையாக உழைத்தும் தனியாகவே படித்தார்கள். தனியாகப் படிப்பவருக்குத் தன் பிழை விடைத்தாள் கைக்கு வந்த பிறகே தெரியும். அதற்குள் அடுத்த பாடம் ஓடிவிடும். டிரைஸ்மன் இதற்குத் தீர்வாகப் பழைய பாடத்தைத் திருப்பி நடத்தவில்லை. வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைச் சிறு குழுக்களிடம் கொடுத்தார். தேர்ச்சி உயர்ந்தது. 'பின்தங்கியோருக்கான சிறப்பு வகுப்பு' என்று பலகை மாட்டியிருந்தால் யார் வந்திருப்பார்கள்?

மேரிலாந்து மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில், அறிவியல், பொறியியல் மாணவர்களுக்காக 1988இல் தொடங்கிய மேயர்ஹாஃப் திட்டமும் உதவித்தொகையோடு கோடை முன்பயிற்சி, குழுப் படிப்பு, ஆய்வக அனுபவம் மூன்றையும் சேர்த்தே தருகிறது. கல்லூரிகள் முதல் பருவத்திலேயே இதைத் தொடங்க வேண்டும்.

— கணித ஆசிரியர்கள் சிலர்